ஹோஸைக் கழற்றாத அத்தான்

என் அத்தானுக்கு எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: தனக்குத் தெரியாததும் உலகத்தில் ஏதாவது இருக்கலாம் என்பது. இதைப் பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துகிறவன். பதினாறு வருஷமாகக் கரும்பலகையில் எஞ்சின் வரைந்து, அம்புக்குறி போட்டு, அழித்துக்கொண்டிருக்கிறேன். அத்தான் பத்தாவது தாண்டாதவர். நான் வரைகிற எஞ்சினுக்குள் முழங்கை வரை கையை விட்டு எடுப்பவர். நடுவில் அக்கா ஒருத்தி இருப்பதால்தான் அவர் எனக்கு அத்தான், நான் அவருக்கு மாப்ளே. அவள் இல்லையென்றால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்கூடப் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார மாட்டோம்.

அவர் எங்கள் வீட்டுக்குள் வந்ததே தண்ணீர் மோட்டாரைச் சாக்கிட்டுத்தான். மோட்டார் ஓடவில்லை என்று அப்பா யாரிடமோ சொல்ல, இவர் வந்தார். மோட்டாரை இரண்டு தட்டுத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், "பேரிங் போச்சு" என்றார். பேரிங் மாற்றினார், ஓடவில்லை. "அப்படின்னா காயில்தான்" என்று தூக்கிக்கொண்டு போய், மறுநாள் புதுக் காயில் கட்டி வந்தார், ஓடவில்லை. மூன்றாம் நாள் அக்கா மாடிப்படிக்குக் கீழே போய் ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்த்து, வேறு கம்பி சுற்றிப் போட்டாள். மோட்டார் ஓடியது. அவர் நிதானமாக எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் சொன்னேனே, காயில்னு" என்றார். அக்கா சிரித்தாள். கேலியாகச் சிரிக்கிறாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். ஆறாவது மாதம் கல்யாணம்.

அவருடைய ஒர்க்ஷாப்பில் இரண்டு கார் நிற்கலாம். மூன்றாவது வந்தால் முதல் காருக்குள் இருப்பவர் கண்ணாடி வழியாகத்தான் வெளியே வர வேண்டும். தகரக் கூரை. ஒரு பக்கச் சுவர் முழுக்க ஸ்பேனர்கள் தொங்கும். எது எங்கே என்று தெரிய, ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைச் சுவரில் வரைந்து வைத்திருக்கிறார். பத்தொன்பதாம் நம்பர் உருவத்தின் மேல் பன்னிரண்டு தொங்கும். பிரேக் பிடிக்குமா என்று கேட்டால் "கியாரண்டி" என்பார். சாயங்காலம் வண்டி கிடைக்குமா, கியாரண்டி. இன்றைக்கு மழை வருமா என்று கேட்டுப் பாருங்கள், அதற்கும் அதுதான். தெருவில் அவருக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. ஜனங்கள் கிண்டலுக்குச் சொன்னதை அவர் பட்டம் என்று எடுத்துக்கொண்டார். போல்ட் உடைந்தால் "உடையணும்னுதான் திருகினேன்" என்பார். உடையாவிட்டால் "எங்கிட்ட உடையுமா?" என்பார். ஆக, எப்படிப் போனாலும் அவர் கட்சிதான் ஜெயிக்கும்.

நாற்பது வயதில் சிலருக்கு முழங்கால் வலி வரும். சிலருக்குத் தலைக்கு மை போடும் ஆசை வரும். அத்தானுக்கு டர்போ வந்தது. அதுவரை ஆயில் மாற்றிக்கொண்டும் பிரேக் கட்டை தேய்த்துக்கொண்டும் இருந்தவர், திடீரென்று வருகிற போகிற வண்டிக்கெல்லாம் டர்போ மாட்டினால் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடி யோசிக்க ஆரம்பித்தார். பால் வண்டிக்காரரிடம்கூடக் கேட்டுப் பார்த்திருக்கிறார்.

டர்போ ஒன்றும் மந்திரமில்லை. எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு விசிறியைச் சுழலவிட்டு, அந்தப் பலத்தில் வெளிக்காற்றை எஞ்சினுக்குள் அமுக்கித் திணிப்பது. காற்று கூடினால் பெட்ரோலும் அதே கணக்கில் கூட வேண்டும். கூடாவிட்டால் உள்ளே சூடு எகிறி பிஸ்டன் உருகிவிடும். எந்த வேகத்தில், எவ்வளவு காற்றுக்கு, எவ்வளவு பெட்ரோல் என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குக் கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை எழுதித் தர வேண்டும். அத்தானுக்கு லேப்டாப்பைப் பார்த்தாலே கொட்டாவி வரும். அக்கா எட்டு வருஷம் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் டேட்டா என்ட்ரி பார்த்தவள். அதனால் அவள் எழுதினாள். மூடி ஆடுகிற ஒரு பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்காருவாள். ஊருக்கு வெளியே ஆளில்லாத ரோட்டில் அவர் மிதிப்பார். அவள் ஒவ்வொரு கட்டமாக மாற்றிக்கொண்டே வருவாள். வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு ஒரு வண்டியை ட்யூன் பண்ணிட்டேன்" என்று அவர் சொல்வார். நானும் அதை நம்பினேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடிக்கிறாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

இனி ஒரு சின்ன சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டர். டம்ளரில் பாதி உயரம் இருக்கும். உள்ளே ஒரு ரப்பர் தகடு, ஒரு ஸ்பிரிங். தலையில் ஒரு ஸ்க்ரூ, அது அசையாமல் பிடிக்க ஒரு லாக் நட். பக்கத்தில் ஒரு மீட்டர். ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெட்ரோலின் அழுத்தம் ஏறும், வெளியே திருகினால் இறங்கும். இந்த டம்ளரிலிருந்து சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் ஹோஸ், எஞ்சின் காற்று இழுக்கும் பாதைக்குப் போகும். டர்போ காற்றை எவ்வளவு அமுக்குகிறதோ அவ்வளவு பெட்ரோலையும் அமுக்கச் சொல்லி ரெகுலேட்டருக்குச் சேதி கொண்டுபோவது அந்த ஹோஸ்தான்.

இதைச் செட் பண்ணும் முறை எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கும். எஞ்சினை ஓடவிட வேண்டும். ஹோஸைக் கழற்றி, அதன் முனையை அடைக்க வேண்டும். மீட்டரில் மூன்று வரும்வரை ஸ்க்ரூவைத் திருகி, லாக் நட்டை இறுக்கி, ஹோஸைத் திரும்ப மாட்ட வேண்டும். மாட்டியதும், எஞ்சின் உறிஞ்சுகிற உறிஞ்சலில் முள் இரண்டரைக்கு இறங்கும். இறங்கட்டும், அப்படித்தான் இறங்க வேண்டும். அத்தான் இதைச் செய்ய மாட்டார். ஹோஸ் மாட்டியபடியே, எஞ்சின் ஓட ஓட, முள்ளை இழுத்துக் கொண்டுவந்து மூன்றில் நிறுத்துவார். அப்படியானால் நிஜத்தில் அது மூன்றரை. நான் நூறு தடவை சொல்லியிருப்பேன்.

"அத்தான், ஹோஸைக் கழட்டிட்டுத்தான் பாக்கணும். நீங்க வெச்சிருக்கறது மூணு இல்ல, மூணரை."

"மீட்டர் என்ன காட்டுது மாப்ளே?"

"மூணுதான் காட்டுது. ஆனா…"

"மூணு காட்டுதுல்ல? அப்ப மூணு."

"எஞ்சின் உறிஞ்சறதால கம்மியா காட்டுது அத்தான்."

"இதோ பாரு. ஆளோட எடையைப் பாக்கணும்னா ஆளை முழுசா நிறுத்தித்தான் பாக்கணும். கையைக் கழட்டி அப்படி ஓரமா வெச்சுட்டுப் பாக்கக் கூடாது. எஞ்சின் எப்படி ஓடுதோ அப்படியே அளக்கறவன்தான் மெக்கானிக்."

நான் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அதை அவர் சொல்ல மாட்டார். அக்காதான் ஒரு நாள் சொன்னாள். முதல் முதலாக டர்போ மாட்டிய வண்டிக்கு அவர் புத்தகத்தில் இருக்கிறபடி ஹோஸைக் கழற்றித்தான் செட் பண்ணினார். முடிக்கிற நேரம் பார்த்து வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போய், பேசி, நாலு கியாரண்டி கொடுத்துவிட்டு வந்து, பானெட்டை மூடி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஹோஸ் கழன்றது கழன்றபடியே தொங்கியது. டர்போ காற்றை அமுக்கியது, ரெகுலேட்டருக்குச் சேதி போகவில்லை, பெட்ரோல் ஏறவில்லை. இரண்டாவது கிலோமீட்டரில் பிஸ்டனில் ஓட்டை. அது எங்கள் அப்பாவின் கார். அன்றிலிருந்து அந்த ஒர்க்ஷாப்பில் சட்டம் ஒன்றுதான்: அளக்கும்போது எஞ்சினிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. "எதையும் கழட்டாதே" என்று சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் எழுதியே வைத்திருக்கிறார். புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, எதையுமே கழற்றாமல் இந்த மனுஷன் எப்படி ரிப்பேர் பண்ணுவார் என்று கவலைப்படுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டர் வந்தார். வாரத்தில் ஆறு நாள் பிறத்தியார் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருப்பவர். ஏழாம் நாளாவது கொஞ்சம் தூரமாகப் பார்க்கலாம் என்று ஒரு பழைய காரை வாங்கி, வேகமாக ஓட்டுகிறவர்கள் கிளப் ஒன்றில் சேர்ந்திருந்தார். கிளப்பில் மொத்தம் பன்னிரண்டு வண்டி. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய விமான ஓடுபாதையில் ஓட்டுவார்கள். அவர்களுக்கு நிரந்தரமாக ஓர் ஒர்க்ஷாப் தேவைப்பட்டது. டாக்டரின் கார்தான் பரீட்சை. அத்தான் டர்போ போட்டுத் தந்த வண்டி அந்த ஞாயிற்றுக்கிழமை கோளாறில்லாமல் ஓடி முடித்தால் பன்னிரண்டு வண்டியும் அவரிடம். ஓடாவிட்டால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏசி போட்ட ஒர்க்ஷாப்புக்கு.

அத்தான் இதைத் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. அக்கா வாயையே திறக்கவில்லை. ஆனால் இடத்தை அடைத்துக் கிடந்த பழைய டயர்களையெல்லாம் அவளே உருட்டிக்கொண்டு போய் எடைக்குப் போட்டுவிட்டு, மூன்றாவது கார் நிற்க இடம் வருமா என்று காலடி வைத்து அளந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஏழு வருஷமாக எப்போதாவது ஒன்று, எப்போதாவது இன்னொன்று என்று டர்போ வண்டி வரும். மற்றபடி ஆயில், ஆயில், மறுபடியும் ஆயில். அவள் இதை எவ்வளவு வேண்டியிருக்கிறாள் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. அதனால்தான் வயிற்றெரிச்சலாக இருந்தது. இவ்வளவும் போய் இந்த மனுஷனுடைய அரை பாயின்ட் முட்டாள்தனத்தில் தொங்குகிறதே என்று.

வெள்ளிக்கிழமை டாக்டர் வண்டியைப் பார்க்க வந்தார். நானும் இருந்தேன். பானெட் திறந்திருந்தது. சும்மா இருக்கக் கூடாதா நான்? ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் மேல் படம் வரைந்து, ரெகுலேட்டர் என்றால் என்ன, ஹோஸ் எதற்கு, இங்கே ஏன் அரை கூடுதலாக இருக்கிறது என்று வகுப்பு எடுத்துவிட்டேன். டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"ரொம்பத் தெளிவா சொல்றீங்க சார். அப்ப இது தப்பா இருக்கா?"

அத்தான் கந்தலால் மீட்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவன் பரீட்சைக்குச் சொல்றான் சார். நான் வண்டிக்குச் சொல்றேன். கியாரண்டி."

டாக்டர் சிரித்துவிட்டார். சத்தமாகவே சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்கா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "விடுடா. அவர் வெச்சபடியே இருக்கட்டும்" என்றாள். இவளும் இப்படியே கெட்டுப்போய்விட்டாளே என்று நினைத்துக்கொண்டேன். புருஷன் சொன்னால் வேதம்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு டாக்டர் வண்டியை எடுத்துப் போக வருவதாகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டேகாலுக்கு அத்தானும் அக்காவும் சாப்பிடக் கிளம்பினார்கள். "மாப்ளே, அவர் முன்னாடியே வந்துட்டா சாவியைக் குடுத்துடு. நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் போறேன்" என்றார் அத்தான். அவர் என்னைப் பாராட்டி நான் கேட்ட முதல் வாக்கியம் அது.

அவர்கள் தெரு முனை திரும்பியதும் நான் பானெட்டைத் திறந்தேன். எஞ்சினை ஓடவிட்டேன். ஹோஸைக் கழற்றினேன். அதன் முனையில் ஒரு போல்ட்டைச் சொருகி அடைத்தேன். முள் மூன்றரைக்கு ஏறி நின்றது. பார்த்தாயா, நான் சொன்னேன் அல்லவா என்று அந்தத் தகரக் கொட்டகையில் யாரும் இல்லாமல் நானே சொல்லிக்கொண்டேன். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை மெல்ல மெல்ல வெளியே திருகி, முள்ளை மூன்றில் நிறுத்தினேன். மயிரிழை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கிடையாது. நட்டை இறுக்கினேன். அத்தான் மாதிரி மறந்துபோகிற ஆளா நான்? ஹோஸைத் திரும்ப மாட்டி, கிளிப்பைப் போட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். எஞ்சின் பட்டு மாதிரி ஓடியது. பத்து நிமிஷ வேலை.

ஏன் செய்தேன் என்று கேட்டால், அக்காவுக்காக என்றுதான் அப்போது சொல்லியிருப்பேன். வண்டி ஞாயிற்றுக்கிழமை பறக்கும், அக்காவுக்குப் பன்னிரண்டு கார் கிடைக்கும், எல்லோரும் அத்தானைக் கொண்டாடும்போது நான் ஓரமாக நின்று, "நேத்து ஒரு சின்னத் திருத்தம் பண்ணேன்" என்பேன். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். இந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு முக்கியமாக இருந்தது. அதை இப்போது மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

டாக்டர் கால் மணி முன்னதாகவே வந்தார். பானெட்டை மூடி, சாவியைக் கொடுத்து அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓடுபாதையில் அத்தான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, லேப்டாப்போடு அக்கா பின்னால் வர, வந்து நின்றார். கிளப்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய்த் தானாகவே கை கொடுத்தார். "இந்த வண்டியைப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க" என்றார். ஆயில் அளவு பார்க்க அவர் பானெட்டைத் திறந்தபோது நானும் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். எஞ்சின் நின்றிருந்ததால் மீட்டர் எதையும் காட்டவில்லை. அவர் ஸ்க்ரூவைப் பார்க்கவும் இல்லை. தான் வைத்தது வைத்தபடி இருக்கும் என்ற நம்பிக்கை. சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஓடி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது இன்னும் நன்றாகப் போனது. டாக்டர் எங்களைத் தாண்டும்போது கையை வெளியே நீட்டி ஆட்டினார். அத்தான் என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார். மூன்றாவது சுற்றில், பாதையின் அந்தக் கோடியில், நீண்ட நேரம் முழுக்க மிதித்து ஓட்டுகிற இடத்தில், தகரத்துக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு பின்னாலிருந்து நீலமும் வெள்ளையுமாகப் புகை. வண்டி தானாக உருண்டு வந்து புல்லில் நின்றது.

நாங்கள் ஓடிப் போனோம். டாக்டர் இறங்கி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எஞ்சினைத் திறந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பிஸ்டன் போயிற்று என்று அந்தப் புகையைப் பார்த்த யாருக்கும் தெரியும். அக்கா லேப்டாப்பை மாட்டி, ஓட்டத்தின் கணக்கு முழுவதையும் மேலிருந்து கீழே பார்த்தாள்.

"காத்துக்குப் பெட்ரோல் பத்தல" என்றாள். "நான் எழுதினதுல இப்படி வராது. ஏங்க, ஸ்டார்ட் பண்ண வேணாம், சாவியை மட்டும் திருப்புங்க."

அத்தான் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடாமல் பெட்ரோல் பம்ப் மட்டும் ஓடினால் உறிஞ்சல் எதுவும் இருக்காது. ஹோஸ் மாட்டியிருந்தாலும் மீட்டர் உண்மையைச் சொல்லிவிடும். பம்ப் இரைந்தது. முள் ஏறியது. மூன்றில் போய் நின்றது. அவ்வளவு கச்சிதமாக ஒரு முள் நின்று நான் பார்த்ததில்லை.

அக்கா முள்ளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அத்தான் சாவியிலிருந்து கையை எடுக்காமல் அவளைப் பார்த்துவிட்டு, அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்த்தார். என் முகத்தில் ஈயாடியிருக்காது.

அதற்குள் கிளப்காரர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றுவிட்டார்கள். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம் லேப்டாப்புல ஏதாவது நம்பரைத் தப்பா அடிச்சுட்டாங்களா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். பின்னால் நின்ற ஒருவர், "அப்பவே நினைச்சேன்" என்றார்.

"இல்ல சார்" என்றார் அத்தான். வண்டியிலிருந்து இறங்கி நேராக நின்றார். "அவ எழுதினதுல ஒரு புள்ளிகூடத் தப்பு இருக்காது. இது ஸ்க்ரூவுல வந்த தப்பு. ஸ்க்ரூ என் வேலை. நான்தான் தப்பா வெச்சுட்டேன். எஞ்சினை நான் கட்டித் தந்துடறேன்."

நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். உண்மையில் திறக்கவும் திறந்தேன். ஆனால் டாக்டர் முந்திக்கொண்டார்.

"சார் வெள்ளிக்கிழமையே சொன்னாரே!" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "பிரஷர் தப்பா இருக்குன்னு படம் போட்டே காமிச்சாரு. நான்தான் சிரிச்சுட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நம்ம கிளப் வண்டிங்களை நீங்களே பாத்துக்கங்களேன் சார். காலேஜ்லயே ஒர்க்ஷாப் இருக்குமே?"

திறந்த வாயிலிருந்து, "பாக்கலாம் சார்" என்று வந்தது. அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஏழெட்டுப் பேர் தலையாட்டினார்கள்.

"நல்லா படிச்சவன் சார்" என்றார் அத்தான். "நம்பிக் குடுங்க."

இதில் குத்தல் இருக்கிறதா என்று திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டேன். இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

செத்த வண்டியை இழுத்துக்கொண்டு அத்தான் முன்னால் போனார். அக்கா என் காரில் ஏறினாள். பாதி தூரம் வந்ததும் நான்தான் தாங்க முடியாமல் ஆரம்பித்தேன்.

"அக்கா, புஸ்தகப்படி மூணுதான் சரி. நான் ஒண்ணும் தப்பா…"

"மூணுதான் சரின்னு எனக்குத் தெரியாதா? சாவியைத் திருப்பினா மூணரைல நிக்குது. நான் அதைப் பாத்துட்டுத்தான் எழுத உக்காருவேன். அவர் அரை கூட வெச்சிருக்கார்னா, அதுக்கு ஏத்தாப்பல ஒவ்வொரு கட்டத்துலயும் பெட்ரோலைக் குறைச்சு எழுதுவேன். ஏழு வருஷமா, எல்லா வண்டிக்கும். நீ அரையை எடுத்துட்டே. நான் குறைச்சது குறைச்சபடியே இருக்கு. பிஸ்டன் என்ன பண்ணும்?"

மெதுவாக ஓட்டும்போது வண்டியின் சென்சார் இதையெல்லாம் சமாளித்துக்கொள்ளும். முழுக்க மிதிக்கும்போது சமாளிக்காது. அட்டவணையில் எழுதியதுதான் போகும். இது எனக்குத் தெரியாததல்ல. இரண்டு மார்க் கேள்வியாகப் பரீட்சையிலேயே கேட்டிருக்கிறேன். அந்த அட்டவணையை ஒருத்தி எழுதியிருக்கிறாள், எதையோ பார்த்துத்தான் எழுதியிருப்பாள் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

"இதை நீ அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே? அவரே சரியா வெச்சிருப்பாரே?"

"சொன்னா ஹோஸைக் கழட்டுவாரு. யாராவது கூப்பிடுவாங்க. ஒரு நாள் மாட்ட மறந்துடுவாரு. அரை கூட இருந்தா நான் சரி பண்ணிக்குவேன். ஹோஸ் இல்லாம அவர் ரோட்டுல போனா எதை வெச்சுடா சரி பண்றது?" பிறகு, "அன்னிக்கே விடுடான்னு சொன்னேன்ல?" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

கிளப்பின் முதல் இரண்டு கார்களும் போன மாதம் காலேஜ் ஒர்க்ஷாப்புக்கு வந்தன. பிரின்சிபால் மாலை போடாத குறைதான். ரெகுலேட்டரை நானே செட் பண்ணினேன், மாணவர்கள் சுற்றி நின்று நோட்டில் படம் வரைந்துகொண்டார்கள். ஹோஸைக் கழற்றி, அடைத்து, மூன்று. அதற்கப்புறம்தான் தெரிந்தது, அட்டவணை எழுத எனக்கு வராது. எப்படி எழுத வேண்டும் என்று மூன்று வகுப்பு நடத்துவேன். மடியில் வைத்துக்கொண்டு எழுதச் சொன்னால் முதல் கட்டத்திலேயே கை நின்றுவிடுகிறது.

வேறு வழியில்லாமல் அக்காவிடம் போனேன். அத்தான் ஒரு காருக்கு அடியில் படுத்துக்கொண்டு ஆயில் வடித்துக்கொண்டிருந்தார். என் செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்து, "வா மாப்ளே, டீ சொல்லட்டுமா?" என்றார். டாக்டரின் எஞ்சின், திறந்த வயிற்றோடு மேஜை மேல் இருந்தது. அக்கா நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். லேப்டாப்பைத் திறக்கவில்லை.

"எவ்வளவு வெச்சிருக்கே?"

"மூணு. சரியா மூணு."

"டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

"அவருக்கு எதுக்கு அந்த நம்பர் எல்லாம்?"

அவள் லேப்டாப்பை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"அவர் வண்டியோட ஸ்க்ரூவை யார் திருகினதுன்னு சொல்லிட்டியா? சொல்லிட்டு வா. அன்னிக்கே எழுதித் தரேன். எத்தனை வண்டி இருந்தாலும் எழுதித் தரேன்."

காருக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. அத்தான் அங்கிருந்தே, "ஏம்மா, அவனைப் போட்டுப் படுத்தறே" என்றார்.

இது நடந்து பதினோரு நாளாயிற்று. டாக்டர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். கிளப் வண்டிகள் எப்போது தயாராகும் என்று கேட்கிறார். வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்து, அத்தானைப் பற்றி நாலு பேர் சிரிக்கிற மாதிரி இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன். டாக்டருக்கு இன்னும் போன் பண்ணவில்லை.